'அமெரிக்கன் ஆக்சென்ட்' சொல்லித்தர வேண்டுமா?

கேள்வி: ஒரு சிறு நகரத்தில் வீட்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.ஏ. ஆங்கிலம். கல்லூரி மாணவர்கள், வேலை தேடுகிறவர்கள், வெளிநாடு போகத் தயாராகும் நர்ஸ்கள் சிலர் வருகிறார்கள். இரண்டு தெரு தள்ளி புதிதாக ஒரு சென்டர், '45 நாளில் அமெரிக்கன் ஆக்சென்ட்' என்று பேனர் கட்டியிருக்கிறது. அதைப் பார்த்த ஒரு பெற்றோர், "மேடம், நீங்க பேசுறதே தமிழ் மாதிரிதானே இருக்கு, பிள்ளைங்களுக்கு எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டார். நானும் ஆக்சென்ட் சொல்லித்தர வேண்டுமா? தமிழ் வாடையோடு பேசும் நான் உச்சரிப்பு கற்றுத்தரலாமா? இன்னொன்று: 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்ன ஒரு மாணவியைப் பார்த்து வகுப்பே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

வணக்கம் டீச்சர். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆக்சென்ட் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் தாராளமாக உச்சரிப்பு கற்றுத்தரலாம். அந்த மாணவி விஷயம்தான் எல்லாவற்றையும்விட அவசரம். ஆனால் அவளுக்கு என்ன செய்வது என்பது, உச்சரிப்பில் எது முக்கியம் எது முக்கியமில்லை என்று நீங்கள் முடிவு செய்வதைப் பொறுத்தது. அதனால் அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்தப் பெற்றோர் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். ஆக்சென்ட் என்பது பேசுகிறவர் எந்த ஊர், எந்த வீடு என்று காட்டிக்கொடுப்பது. அது இல்லாத மனிதர் கிடையாது. நெல்லைக்காரர் பேசினாலும் யாழ்ப்பாணத்துக்காரர் பேசினாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனாலும் இருவர் பேசுவதும் புரிகிறது. எதிரில் இருப்பவர் சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறாரா என்பது தனிக் கேள்வி. கனடாவில் முர்ரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். சீன மொழி பேசும் மாணவர்களின் ஆங்கிலத்தைப் பதிவு செய்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் போட்டுக்காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார்கள். 'ஆக்சென்ட் ரொம்பத் தூக்கல்' என்று மதிப்பெண் போட்டவர்களே, அந்த வாக்கியங்களில் பலவற்றை ஒரு சொல் விடாமல் சரியாக எழுதியிருந்தார்கள்.

'அமெரிக்கன் ஆக்சென்ட்' என்று ஒரே ஒரு பேச்சு கிடையாது. டெக்சாஸ் பேச்சு ஒன்று, பாஸ்டன் பேச்சு வேறொன்று. பிரிட்டனிலும் இதே கதைதான். நம் பழைய பாடப்புத்தகங்கள் 'சரியான உச்சரிப்பு' என்று கொண்டாடிய ஆர்.பி. (ரிசீவ்டு ப்ரொனன்சியேஷன்) பேச்சைப் பேசுகிறவர்கள் பிரிட்டனில் 3 விழுக்காடுதான் என்பது மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில்லின் மதிப்பீடு. கிளாஸ்கோவிலும் லிவர்பூலிலும் இருப்பவர்கள் அந்த மாதிரி பேசுவதில்லை. உங்களிடம் படித்துவிட்டு பிரிட்டன் போகும் நர்ஸ், வார்டில் இவர்கள் எல்லோரையும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், அவர்களுக்குப் புரியும்படி பேசவும் வேண்டும். 45 நாள் பேனர் இந்த இரண்டில் எதற்கும் உதவாது. அங்கே பெரும்பாலும் நடப்பது 'வான்ட் டு', 'கோயிங் டு' என்பவற்றை 'வானா', 'கானா' என்று சுருக்குவதும், 'வாட்டர்' என்பதை 'வாடர்' ஆக்குவதும்தான். சொல்லின் அழுத்தம் இடம் மாறியே இருக்கும்போது மேலே இதைப் பூசினால், முன்பு புரிந்துகொண்டிருந்த பேச்சும் புரியாமல் போகும்.

அடுத்த முறை அந்தப் பெற்றோர் வந்தால் விமானிகளைப் பற்றிச் சொல்லுங்கள். சர்வதேசத் தடங்களில் பறக்கும் விமானிகளுக்கும் தரைக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் எந்த அளவு ஆங்கிலம் வேண்டும் என்று ஐ.நா.வின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2003இல் விதி கொண்டுவந்தது. ஆறு படிகள் கொண்ட அளவுகோல் அது. பணி செய்ய நான்காம் படி வேண்டும். அந்தப் படியில் உச்சரிப்புக்கு என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? தாய்மொழியின் சாயல் இருக்கலாம், அது புரிந்துகொள்வதற்குச் சில சமயம் மட்டுமே இடைஞ்சலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உச்சியில் இருக்கும் ஆறாம் படியிலும் தாய்மொழிச் சாயலுக்கு இடம் உண்டு. ஒரு சொல் தவறினால் நூற்றுக்கணக்கான உயிர்கள் போகும் வேலையிலேயே ஆக்சென்ட்டை மாற்று என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் நர்ஸ்கள் எழுதும் ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) தேர்விலும் பேச்சுப் பகுதியில் உச்சரிப்பைப் பொறுத்தவரை பார்ப்பது புரியும்படி பேசுகிறாரா என்பதைத்தான். வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் கேட்கப்படும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் உச்சரிப்புக்கு நாலில் ஒரு பங்கு மதிப்பெண் உண்டு. அங்கேயும் ஆக்சென்ட் இருக்கிறது என்பதற்காக மட்டும் மதிப்பெண் குறையாது, கேட்பவருக்குப் புரியாமல் போனால்தான் குறையும்.

சரி, அப்படியானால் வகுப்பில் எதைச் சொல்லித்தருவது? என் அனுபவத்தில் நம் பிள்ளைகளுக்கு முதல் பாடம் ஒலிகளே இல்லை, அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை, எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில், முதல் அசையைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவரின் மனம், அழுத்தமான அசையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடுகிறது. 'டெவலப்' என்ற சொல்லில் நாம் 'டெ'யை அழுத்துகிறோம். அழுத்தம் விழ வேண்டியது நடுவில்: டி-வெ-லப். 'ஹோட்டல்', 'போலீஸ்' இரண்டுக்கும் இரண்டாவது அசையில். நாம் இடம் மாற்றி அழுத்தினால் அவர் வேறு ஏதோ சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பார். அதற்குள் நம் வாக்கியம் முடிந்துவிடும்.

'போட்டோகிராஃப்' குடும்பத்தை வைத்து ஒரு முழு வகுப்பு நடத்தலாம். படத்தைக் குறிக்கும்போது அழுத்தம் முதல் அசையில். அந்தக் கலையைச் சொல்லும்போது இரண்டாவது அசைக்கு வந்து, 'ஃப-டா-க்ர-ஃபி' என்று முதல் அசை சுருங்கிப்போகிறது. கடைசியில் 'இக்' சேர்ந்தால் மூன்றாவது அசைக்குப் போகிறது. கெட்டியான ரப்பர் பேண்ட் ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அழுத்தமான அசை வரும்போது மட்டும் இழுக்க வேண்டும், மற்ற அசைகளில் தளர விட வேண்டும். 'அழுத்திச் சொல்' என்று வாயால் சொன்னால் பிள்ளைகள் கத்துவார்கள். ரப்பரை இழுக்கும்போது அசை தானாக நீள்கிறது, ஆங்கிலத்தில் வேண்டியது அந்த நீளம்தான். கூடவே சில விதிகளைக் கொடுத்துவிடுங்கள்: 'ஷன்' என்று முடியும் சொற்களிலும், 'இக்', 'இட்டி' என்று முடியும் சொற்களிலும் பெரும்பாலும் அந்த விகுதிக்கு முந்தைய அசையில் அழுத்தம். 'எஜுகேஷன்' என்றால் 'கே'யில், 'எபிலிட்டி' என்றால் 'பி'யில். இந்த மூன்று விகுதிகளிலேயே நூற்றுக்கணக்கான சொற்கள் சரியாகிவிடும்.

வாக்கிய அழுத்தத்துக்கு ஒரு நல்ல வசதி நம்மிடம் இருக்கிறது. தமிழில் எதை முக்கியப்படுத்த வேண்டுமோ அதில் 'தான்' ஒட்டுகிறோம், சில சமயம் 'ஏ' ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் ஒட்ட எதுவும் இல்லை, குரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. 'ஐ ஆஸ்க்ட் ஃபார் டீ' என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். ஒரு மாணவரிடம் "காபி கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். தமிழில், 'நான் டீதான் கேட்டேன்' என்பார். அப்படியானால் குரல் 'டீ'யில் ஏற வேண்டும். நீங்கள் கேட்ட டீ பக்கத்து மேசைக்குப் போகிறது என்றால், 'நான்தான் டீ கேட்டேன்'. இப்போது குரல் 'ஐ'யில். கேட்டு அரை மணி நேரமாகியும் வரவில்லை என்றால், 'நான் டீ கேட்டேனே'. குரல் 'ஆஸ்க்ட்'டில். முதலில் தமிழில் சொல்ல வைத்து, 'தான்' எங்கே விழுகிறது என்று விரலால் காட்டச் சொல்லி, பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். மொழி தெரியாத குறையாக மாணவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது, ஏற்கெனவே கையில் இருக்கும் திறமையாக மாறும். இதை அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பயிற்சியாளர் சொல்லித்தர முடியாது. உங்களால் முடியும்.

ஒலிகளுக்கு வருவோம். முதல் வேலையாக, ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பை நோட்டில் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். இந்தப் பதிலில் நான் தமிழில்தான் எழுதுகிறேன், அதனால் நான் சொல்வதை நீங்கள் வாய்விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டை கட்டு என்பதற்கும், முதுகுக்கும், தோளில் மாட்டும் பைக்கும் உள்ள மூன்று ஆங்கிலச் சொற்களை (pack, back, bag) எழுதிப் பாருங்கள். தமிழில் மூன்றுமே 'பேக்'. உடுத்தும் கோட், மேயும் ஆடு, கம்ப்யூட்டரில் எழுதும் கோட் மூன்றும் 'கோட்'. குரல் அதிரும் ஒலி (ஒலிப்பு), குரல் அதிராத ஒலி (ஒலிப்பில்லா) என்று நம் எழுத்துமுறை பிரிப்பதில்லை, இடத்தைப் பார்த்து நாமே மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். தமிழுக்கு அது போதும். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசத்தில்தான் பொருள் இருக்கிறது.

இதைச் சொல்லித்தருவதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்து 'பழம்' என்று சொல்லச் சொல்லுங்கள். காகிதம் ஏறக்குறைய அசையாது. ஆங்கிலம் தாய்மொழியானவர் 'மூட்டை கட்டு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் அந்தக் காகிதம் படபடக்கும். முதல் ஒலியோடு ஒரு காற்று வெளியே வருகிறது. அவருடைய காது தேடுவது அந்தக் காற்றைத்தான். அது இல்லாமல் நாம் சொன்னால் அவருக்கு 'முதுகு' என்று கேட்கிறது. சொல்லின் முதலில் வரும் 'ப', 'ட', 'க' மூன்றின் ஒலிப்பில்லா வடிவத்துக்கும் இதே காற்றுப் பயிற்சி கொடுங்கள். சொல்லின் கடைசிக்கு வேறு உத்தி. முதுகுக்கான ஆங்கிலச் சொல்லில் உயிரொலி குட்டை, பைக்கான சொல்லில் அதே உயிரொலி நீளம். கடைசி மெய்யை அதிர வைக்கப் பிள்ளைகள் படாதபாடு படுவார்கள், முடிவில் அது 'பேகு' ஆகிவிடும். அதை விட்டுவிட்டு உயிரொலியை நீட்டச் சொல்லுங்கள், கேட்பவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

'காபி' இன்னொரு நல்ல உதாரணம். குடிப்பதும் காபி, ஜெராக்ஸ் எடுப்பதும் காபி. அலுவலகத்தில் இது உண்மையாகவே குழப்பும். 'ஃப' வராதவர்களிடம் 'வ' சொல்லச் சொல்லி, வாயை அப்படியே வைத்துக்கொண்டு குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விடச் சொல்லுங்கள், வந்துவிடும். அரிசிக்கும் எழுவதற்கும் உள்ள 'ரைஸ்' வேறுபாட்டையும், காதுக்கும் ஆண்டுக்கும் உள்ள 'இயர்' வேறுபாட்டையும் இப்படியே இணை இணையாகச் செய்துவிடலாம். இரண்டாவதற்குக் காரணம் நமக்குப் பழக்கமானதுதான்: 'எல்லாம்' என்பதை 'யெல்லாம்' என்று சொல்லும் வாய், முட்டையைக் குறிக்கும் 'எக்' என்பதற்கும் ஒரு 'ய' சேர்க்கிறது.

எந்த இணையையும் சொல்ல வைப்பதற்கு முன் கேட்க வையுங்கள். நீங்கள் சொல்ல வேண்டும், அவர்கள் ஒன்று அல்லது இரண்டு என விரலைக் காட்ட வேண்டும். காது பிரிக்காததை வாய் பிரிக்காது. ஒரே குரலை மட்டும் கேட்டால் அந்தக் குரலுக்கு மட்டும் பழகிவிடுவார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளின் இணையதளங்களில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகள் இரண்டையும் இலவசமாகக் கேட்கலாம். இரண்டையும் போட்டுக்காட்டுங்கள். ஆக்சென்ட்டுகளைக் காதுக்குப் பழக்குவது அவசியம், வாய்க்குப் பழக்குவதுதான் வேண்டாம்.

விட்டுவிட வேண்டியதையும் சொல்கிறேன். 'திங்க்', 'திஸ்' சொற்களின் முதல் ஒலிக்காக நாக்கைப் பல்லிடுக்கில் நீட்ட வைத்து வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். தேவையில்லை. நம் 'த' போதும். அயர்லாந்தில் பலர் ஏறக்குறைய நம் 'த'வைத்தான் சொல்கிறார்கள். விமானிகளின் வானொலிப் பேச்சு விதியில் மூன்று என்ற எண்ணை 'ட்ரீ' என்று சொல்ல வேண்டும் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் பன்னாட்டுப் பொதுமொழியாகப் பேசப்படும் இடங்களில் எது இல்லாவிட்டால் புரியாது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட பட்டியலில் இந்த ஒலியைச் சேர்க்கவில்லை. அந்தக் காற்றையும் உயிரொலியின் நீளத்தையும் வாக்கிய அழுத்தத்தையும் சேர்த்திருக்கிறார். சொல்லழுத்தத்தை அவர் அவ்வளவாக வலியுறுத்துவதில்லை. அந்த ஓரிடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. நம் மாணவர்கள் பேசப்போவது பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நோயாளிகளிடமும் வாடிக்கையாளர்களிடமும்.

நர்ஸ்களுக்குத் தனியாக ஒன்று. பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல விழும். மருந்தின் அளவில் அது விளையாட்டில்லை. 'டீன்' என்பதை நீட்டி அழுத்தப் பழக்குங்கள். அதோடு, எண்ணைச் சொன்ன கையோடு 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தையும் கொண்டுவாருங்கள். 'கேன்' என்ற சொல்லையும் கவனியுங்கள். 'ஐ கேன் கம்' என்பதில் நாம் 'கேன்' மேல் ஏறி நிற்கிறோம், எதிரில் இருப்பவர் 'முடியாது' என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. அதைக் 'க்கன்' என்று சுருக்கி, 'கம்' மேல் அழுத்தம் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தகுதி பற்றி: வெளிநாட்டுக்காரருக்கு நம் மாணவர் எங்கே தடுக்குகிறார் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. நீங்கள் அதே இடத்தில் தடுக்கி எழுந்தவர். அழுத்தமும் இந்த இணைகளும் உங்கள் பேச்சில் சரியாக இருக்கிறதா என்று போனில் பதிவு செய்து அகராதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவை சரியாக இருந்தால், மீதியுள்ள தமிழ் வாடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். மாணவர் சேரும் முதல் வாரத்தில் ஒரு பத்தியைப் படிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பத்தியை மறுபடி பதிவு செய்து, பெற்றோரிடம் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டுங்கள். பேனருக்கு அதுவே பதில்.

இனி அந்த மாணவி. அவள் சொன்ன 'இஸ்கூல்' அறியாமையால் வந்தது இல்லை. தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வராது. வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால்தான் முன்னால் ஓர் 'இ', பின்னால் 'பஸ்ஸு', 'புக்கு' என்று ஓர் 'உ'. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகள் என்று தொல்காப்பியமே சொல்லிவைத்த விதிகளைத்தான் அவள் வாய் பின்பற்றியது. சிரித்த பிள்ளைகளின் வாயிலும் அதே விதிதான் வேறு சொற்களில் வேலை செய்கிறது. இதை அவள் பெயரைச் சொல்லாமல், ஒரு பாடமாகவே முழு வகுப்புக்கும் நடத்துங்கள்.

பயிற்சியையும் எல்லோருக்கும் கொடுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகச் சீறவிட்டு, மூச்சை விடாமல் 'கூல்' சேர்க்க வேண்டும். மெதுவாகச் சீறலைக் குறைத்துக்கொண்டே வந்தால் 'இ' உதிர்ந்துவிடும். கடைசி 'உ'வுக்கு அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்ல வையுங்கள். 'புக்' தனியாக வந்தால் 'புக்கு' ஆகும், 'புக் இஸ்' என்று ஓட்டிச் சொன்னால் 'புக்கிஸ்' ஆகிவிடும். நாடு, இல்லை சேர்ந்தால் நாடில்லை என்று பள்ளியில் படித்த குற்றியலுகரப் புணர்ச்சியேதான் இது.

பேசிக்கொண்டிருக்கும்போது வாக்கியத்தின் நடுவில் யாரையும் திருத்தாதீர்கள். பேசி முடித்ததும் பொருளுக்குப் பதில் சொல்லுங்கள். உச்சரிப்பைக் குறித்துவைத்து வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் பொதுவாகப் பாருங்கள். அந்த மாணவியை வகுப்பு முன்னால் நிறுத்த வேண்டாம். இருவர் இருவராக முதுகுக்கு முதுகு உட்கார வைத்து, ஒருவர் முகவரியோ மளிகைப் பட்டியலோ சொல்ல, மற்றவர் எழுத வேண்டும் என்று ஒரு பயிற்சி வையுங்கள். முகம் தெரியாது, வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள், காகிதத்தில் என்ன விழுந்தது என்பதுதான் மதிப்பெண். அவளுக்கு ஜோடியாகச் சிரிக்காத ஒரு பிள்ளையைப் போடுங்கள். அதற்கு முன், வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாக நிறுத்தி, அன்றைக்கு நடந்தது சரியில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் வருவதை நிறுத்திவிட்டால் இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காமல் வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.